காதால் மெய்ப்புப் பார்த்தவர்

அண்ணன் இறந்த செய்தி எங்கள் வாட்ஸ்ஆப் குழுவுக்கு ஒரு படமாகத்தான் வந்தது. கறுப்புப் பட்டை, ஓரத்தில் ஒரு விளக்கு, நடுவில் அவர் புகைப்படம், கீழே எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எங்கே என்ற விவரம். எல்லாமே படத்துக்குள். அந்தக் குழுவில் பாதிப்பேர் அவரைப் போலவே கண் தெரியாதவர்கள். அவர்கள் போனில் அது "படம்" என்று மட்டும் ஒலித்திருக்கும். "என்ன படம்னு யாராவது சொல்லுங்கப்பா" என்று ஒருவர் குரல் பதிவு போட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவரும் அதையே கேட்டார். அனுப்பியது உறவுக்காரப் பையன், அவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் விவரத்தைத் தட்டச்சு செய்து போட்டேன். அண்ணன் இருந்திருந்தால் சிரித்திருப்பார். சிரித்துவிட்டு, அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் பாடம் எடுத்திருப்பார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. வீட்டில் வேண்டாம் என்றார்கள். அவருமே பெயர் போட்டுக்கொள்வதில் ஆர்வமுள்ள ஆள் இல்லை. நான் கூப்பிட்டது "அண்ணே" என்று, அவர் கூப்பிட்டது "தம்பி" என்று. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவர் அண்ணன்தான்.

சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. ஓர் அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். படித்த பார்வையற்றவர்களுக்கு ஒரு காலத்தில் எளிதாகக் கிடைத்த வேலைகளில் ஒன்று அது. பிறகு எல்லா மேசையிலும் நேரடி எண் வந்தது, எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் வந்தது, அவருடைய போர்டில் அழைப்பு குறைந்துகொண்டே போனது. "சம்பளம் வருது, வேலை வரலை" என்பார். அந்தச் சும்மா இருத்தல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தன்னார்வலர் ஆன கதை அங்கேதான் தொடங்குகிறது. சேவை, தியாகம் என்ற சொற்களையெல்லாம் அவரிடம் யாராவது சொன்னால், "எனக்குப் பொழுது போகணும், அவ்வளவுதான்" என்று வெட்டிவிடுவார். அது முழு உண்மை இல்லை. அந்தப் பாதி உண்மையை அவர் கடைசிவரை விடவில்லை.

என்ன வேலை என்று சொல்கிறேன். விக்கிமூலம் என்று ஒரு தளம் இருக்கிறது, விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பு. உரிமைக் கட்டுப்பாடு இல்லாத பழைய நூல்களை முழுதாக எழுத்தாக்கி வைக்கும் நூலகம். தமிழில் இதற்குச் சரக்குப் பஞ்சமே இல்லை. 1949-ல் பாரதியாரின் எழுத்துரிமையை அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கியதில் தொடங்கி, எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவற்றில் ஏராளமானவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஸ்கேன் செய்திருந்தது. அவை விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன. ஸ்கேன் என்றால் படம். படத்தை எழுத்தாக மாற்றுவது ஓ.சி.ஆர் என்ற எழுத்துணரி மென்பொருள். அது தமிழில் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் தப்பு விடும். அந்தத் தப்புகளை ஒவ்வொரு பக்கமாக மனிதர்கள் உட்கார்ந்து திருத்த வேண்டும். ஒரு பக்கம் ஸ்கேன் படம், இன்னொரு பக்கம் எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டு ஒருவர் திருத்தினால் அந்தப் பக்கம் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். வேறொருவர் மறுபடி பார்த்து ஒப்புக்கொண்டால் பச்சையாகும். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது.

கண் தெரியாத ஒருவர் இதில் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் விக்கிமூலக் குழுவிலும் கேட்டார்கள், கொஞ்சம் நாசூக்காக.

அவர் சொன்ன பதில் எளிமையானது. "நீங்க பார்க்குறதைப் பாருங்க. நான் கேட்கிறதைக் கேட்கிறேன்."

அவரிடம் இருந்தது என்.வி.டி.ஏ என்ற ஸ்கிரீன் ரீடர். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற இளைஞர் 2006-ல் எழுதத் தொடங்கி, அப்புறம் ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். இருவருமே கண் தெரியாதவர்கள். கடையில் விற்ற ஸ்கிரீன் ரீடர்களின் விலை கட்டுப்படியாகாது என்பதால் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது அண்ணன் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும், ஏதோ சொந்தக்காரப் பையன் பரீட்சையில் தேறியது போல. அதில் அவர் வைத்திருந்தது ஈஸ்பீக் என்ற இயந்திரக் குரல். கேட்டவர்களுக்குத் தெரியும், மூக்கடைத்த ரோபோ பேசுவது மாதிரி இருக்கும். இப்போது இன்னும் இனிமையான குரல்கள் எத்தனையோ வந்துவிட்டன. அவர் மாற்றவில்லை. இனிமையான குரல் தப்பை மூடி மறைக்கும், இது முரட்டுத்தனமாக உள்ளதை உள்ளபடி படிக்கும் என்பது அவர் கட்சி. அதையும் சாதாரண வேகத்தில் கேட்க மாட்டார். அவர் வைத்திருந்த வேகத்தில் எனக்கு அது தமிழ் என்றே பிடிபடாது, ஏதோ மோட்டார் ஓடுவது போலிருக்கும்.

இங்கேதான் எங்களுக்குப் புரியாதிருந்த ஒன்று புரிந்தது. தமிழ் எழுத்துணரி விடும் தப்புகளில் பெரும்பகுதி, கண்ணை ஏமாற்றும் தப்புகள். கால் வாங்கும் துணையெழுத்தும் ர என்ற எழுத்தும் அச்சில் கிட்டத்தட்ட ஒன்றுதான். மென்பொருள் "காலம்" என்பதைக் "கரலம்" என்று எழுதிவிடும். வேகமாகப் பார்க்கிற கண் அதைக் "காலம்" என்றே படித்துக்கொண்டு போய்விடும், ஏனென்றால் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூளைக்கு அடுத்த சொல் என்ன என்று முன்பே தெரியும். காதில் விழும் "கரலம்" அப்படி நழுவாது, உறைக்கும்.

இன்னொன்று, ஔகாரம். "கௌரவம்" என்பதை எழுத இரண்டு வழி இருக்கிறது. ஔகாரக் குறியைப் போட்டு எழுதுவது ஒன்று, அது சரி. கெ போட்டுப் பக்கத்தில் ளகரத்தைப் போட்டு ஒப்பேற்றுவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஈஸ்பீக் இரண்டாவதை "கெ-ள-ர-வம்" என்று படிக்கும். ஔவையாரை ஒகரமும் ளகரமும் சேர்த்து எழுதியிருந்த ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டு, "தம்பி, ஒளவையார்னு ஒரு அம்மா வர்றாங்களே, யாரவங்க?" என்று கேட்டார். அதை நாங்கள் குழுவில் வெகுநாள் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு கனமான விஷயம் இருந்தது. அப்படி எழுதினால் தேடலில் சிக்காது. கண்ணுக்குச் சரியாகத் தெரியும் நூல், தேடுபவருக்கு இல்லாத நூலாகிவிடும்.

தமிழ் எண்களும் இப்படித்தான். தமிழ் 1 பார்ப்பதற்குக் ககரம், 2 உகரம், 7 எகரம், 8 அகரம். பழைய சித்த மருத்துவ நூல் ஒன்றில் மருந்துச் சரக்கின் அளவெல்லாம் தமிழ் எண்ணில். எழுத்துணரி அத்தனையையும் எழுத்தாகவே போட்டுவைத்திருந்தது. நாங்கள் படத்தோடு ஒப்பிட்டோம், படத்திலும் க, எழுத்திலும் க, சரி என்று போய்க்கொண்டிருந்தோம். அண்ணனிடமிருந்து கேள்வி வந்தது: "பலம் க-ன்னா என்ன? பலம் உ-ன்னா என்ன?" பலம் என்பது பழைய எடை அளவு. ஒரு பலம், இரண்டு பலம். படத்தில் இருந்தது எண். நாங்கள் ஒப்பேற்றியது எழுத்து. அந்த நூலில் அளவு வருகிற ஒவ்வொரு இடத்தையும் திரும்பத் தொட வேண்டியதாயிற்று. இடையில் கால், அரை, முக்கால் என்ற பின்னக் குறியீடுகள் வேறு. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோட்) அவை இடம்பிடித்ததே 2019-ல்தான். அவருடைய குரலுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது, மௌனமாகத் தாண்டிவிடும். அந்த மௌனத்தையும் அவர் கவனித்தார். "பலத்துக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுது, அங்கே ஏதோ இருக்கு பாருங்க" என்று குறிப்பு எழுதினார்.

அதே நூலில் எனக்கு மறக்காத இடம் ஒன்று. "கரணம்" என்று ஒரு சொல் வந்தது. அது நல்ல தமிழ்ச் சொல்தான், அகராதியில் இருக்கிறது, எந்தப் பிழைதிருத்தியும் அடிக்கோடு போடாது. நான் பார்த்துவிட்டுத் தாண்டியிருந்தேன். அண்ணன் நிறுத்தினார்.

"மருந்துச் சரக்குல கரணம் எப்படித் தம்பி வரும்? ஏதாவது குட்டிக்கரணமா?"

"வேற என்னண்ணே இருக்கும்?"

"காணம். கொள்ளு. எங்க ஆத்தா காணம்னுதான் சொல்லும்."

ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காணம்தான். கால் கொஞ்சம் கீழே இறங்கி மையில் தடித்திருந்தது.

செய்யுள் நூல் என்றால் அவருக்குக் கொண்டாட்டம். பள்ளியில் ஒரு தமிழாசிரியர் யாப்பைக் காதிலேயே ஏற்றிவிட்டிருந்தார். "கா" என்பது ஒற்றை நெடில், நேரசை. அது "கர" ஆகிவிட்டால் இரண்டு குறில், நிரையசை. வெண்பாவில் காய்ச்சீருக்குப் பின்னால் நேர் வர வேண்டிய இடத்தில் நிரை வந்து நிற்கும். தளை தட்டும். பொருள் தெரியாத அருஞ்சொல்லாக இருந்தால்கூட, "மூணாவது அடியில இடறுது" என்று சொல்லிவிடுவார். போய்ப் பார்த்தால் பத்துக்கு எட்டு அங்கே ஓர் எழுத்து மாறியிருக்கும். மீதி இரண்டு, புத்தகம் அச்சடித்தவரே விட்ட பிழை. அந்த இரண்டைப் பற்றித்தான் எங்களுக்குள் சண்டை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கண்ணில்லாதவருக்குக் காது கூர்மை, இயற்கை ஒன்றை எடுத்தால் ஒன்றைக் கொடுக்கும் என்று யாரும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அவர் முன்னால் அதைச் சொன்னவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதை நேரில் பார்த்திருக்கிறேன். யாரும் அவருக்கு எதுவும் இனாமாகக் கொடுக்கவில்லை. வருடக்கணக்காக ஒரு கரடுமுரடான குரலைக் கேட்டுக் கேட்டு, அது எந்த எழுத்தை எப்படி உச்சரிக்கும் என்பது மனப்பாடம். அது பழக்கம், உழைப்பு. ஒரு நல்ல தையல்காரரின் கைக்கு யாரும் இயற்கையின் ஈடு என்று பெயர் வைப்பதில்லையே.

சரி, ஏன் இந்த வேலையைப் பிடித்தார் என்று ஒருமுறை கேட்டேன். அவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. சின்ன வயதில் அவருக்குக் கதை படித்துக் காட்டியது அக்காமார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கள். அவர்களுக்குச் சலிப்பான இடத்தைத் தாண்டிவிடுவார்கள். வருணனை வந்தால் இரண்டு பத்தி காணாமல் போகும். கொஞ்சம் அப்படி இப்படி உள்ள காட்சி வந்தால் ஒரு பக்கமே போகும். "எனக்குக் கிடைச்சதெல்லாம் அக்கா விட்டுவெச்ச மிச்சம்" என்றார். பள்ளியில் பிரெய்லி இருந்தது. ஆனால் பிரெய்லியில் ஒரு சாதாரணப் புத்தகமே தலையணை தலையணையாகப் பல பாகம் ஆகும், பாடநூல் தவிர வேறெதுவும் அரிது. தன்னார்வலர்கள் பதிந்து தந்த கேசட்டுகள் உண்டு, அவற்றிலும் படிப்பவர் தேர்ந்தெடுத்ததுதான் கிடைக்கும். முதன்முதலாகக் கணினி ஒரு நாவலை முழுதாக அவருக்குப் படித்தபோது, அது எதையும் தாண்டவில்லை. வருணனை, அடிக்குறிப்பு, பதிப்புரை, விலை, அச்சகத்தின் முகவரி வரை படித்தது. அச்சகத்தின் முகவரியைக் கேட்டபோதுதான் அழுகை வந்ததாம். அவர் என்னிடம் சொன்னவற்றில் கொஞ்சமாவது உருக்கமானது இது ஒன்றுதான். சொன்ன மறுநிமிஷமே பேச்சை மாற்றிவிட்டார்.

ஆனால் அதற்கு அந்த நாவல் எழுத்தாக இருக்க வேண்டும். இணையத்தில் தமிழ் நூல் கொட்டிக் கிடக்கிறது என்று நாம் சொல்கிறோம். அதில் பெரும்பாதி ஸ்கேன் பி.டி.எஃப். நமக்கு அது புத்தகம், அவருக்கு வெற்றுத்தாள். இன்னொரு வகை இன்னும் மோசம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள். நம் திரையில் "தமிழ்" என்று அழகாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ஸ்கிரீன் ரீடர் "ஜே கே பி ஓ" என்று வாசிக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் இப்படிப்பட்ட சுற்றறிக்கைகள் வந்துகொண்டுதான் இருந்தன என்று அவர் புலம்பிக் கேட்டிருக்கிறேன், அதுவும் பார்வையற்றவர்களுக்கான திட்டம் பற்றிய சுற்றறிக்கை.

ஒருங்குறி அவருக்கு எங்களைவிடச் சீக்கிரம் பிடிபட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். டைப்ரைட்டர் பழகிய கைகளுக்கு "கெ" அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. ஒருங்குறி உள்ளே அப்படி வைத்துக்கொள்வதில்லை, ஒலிக்கிற வரிசையில் முதலில் மெய், பின்னால் உயிர்க்குறி. பிரெய்லியும் அதேதான். 1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த பாரதி பிரெய்லியில் கவுக்குப் பின்னால்தான் எகரம் வரும், கொம்பு முன்னால் போய் நிற்கிற வழக்கமே கிடையாது. "நீங்கல்லாம் பார்க்கிற வரிசையில அடிக்கிறீங்க. நான் பேசுற வரிசையில அடிக்கிறேன்" என்றார். புதிதாக வந்தவர்களுக்கு ஒருங்குறி வகுப்பு எடுக்கும் வேலையை நாங்கள் அவரிடமே விட்டுவிட்டோம். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வெள்ளைக் கோலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் பஸ் ஏறி வருவார். துணைக்கு வருகிறேன் என்றால் கோபம் வரும், முகவரியைச் சரியாகச் சொல்லவில்லை என்றால் அதைவிடக் கோபம் வரும்.

கோபம் என்றதும் ஒரு விழா ஞாபகம் வருகிறது. எந்த அமைப்பு என்பது வேண்டாம். தன்னார்வலர்களைப் பாராட்டும் கூட்டம். அண்ணனை மேடைக்கு அழைத்தார்கள். பேச்சாளர் உருகிவிட்டார். பார்வை இல்லாவிட்டாலும், குறையை வென்று, நமக்கெல்லாம் ஒளியாக, இப்படி ஒரு கால் மணி நேரம். பொன்னாடை போர்த்தினார்கள், கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு மைக்கை அவரிடம் கொடுத்தார்கள். "ரொம்ப நன்றி. மேடைக்கு எத்தனை படின்னு யாரும் சொல்லலை, முழங்கால்ல அடிபட்டுருச்சு. அடுத்த தடவை பேச்சைக் குறைச்சுப் படியைச் சொல்லுங்க. அப்புறம், உங்க வெப்சைட்ல இருக்கிற பட்டனுக்கெல்லாம் பேர் வைங்க, எனக்குப் பட்டன் பட்டன் பட்டன்னு மட்டும்தான் கேக்குது." அவ்வளவுதான் ஏற்புரை. சிலர் முகம் சுளித்தார்கள். பாராட்ட வந்த இடத்தில் இப்படிப் பேசலாமா என்றார் ஒருவர். எனக்கு அதில் ஒரு சொல்லும் மிகை என்று படவில்லை.

அவருடைய வழியை அடைத்தவை எல்லாம் இப்படிச் சின்னச் சின்னப் பொருள்கள்தான். பேர் வைக்காத பட்டன். "நீங்கள் மனிதர்தானா" என்று நிரூபிக்கச் சொல்லிக் கோணல் எழுத்துப் படத்தைக் காட்டும் பெட்டி. கணக்குத் தொடங்கப் போன ஒரு தளத்தில் அந்தப் பெட்டிக்குக் குரல் வடிவமே இல்லை, கடைசியில் பக்கத்து மேசைக்காரர் படித்துச் சொன்னார். "மனுஷன்தான்னு சாட்சி சொல்ல இன்னொரு மனுஷன் வேண்டியிருக்கு" என்றார். சட்டம் பேசவும் அவருக்குப் பிடிக்கும். 2012-ல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு நூல்களை மாற்ற அனுமதி கொடுத்ததும், அதையே நாடுகளுக்கிடையே செய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-ல் வந்ததும், அதற்கு முதலில் ஒப்புதல் தந்த நாடு இந்தியா என்பதும், அது நடைமுறைக்கு வர 2016 செப்டம்பர் ஆனதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "சட்டம் வந்தாச்சு. புத்தகம் எப்ப வரும்?" என்று முடிப்பார்.

அவர் ஸ்கேனைப் பார்க்க முடியாது என்று சொன்னேன் அல்லவா. அதனால் எந்தப் பக்கத்தையும் அவர் தன் கணக்கிலிருந்து மஞ்சளாக்கியதில்லை. பொத்தானை அழுத்த அவரால் முடியும், யாரும் தடுக்கப்போவதில்லை. "மூலத்தோட ஒப்பிட்டேன்னு அதுக்கு அர்த்தம். நான் ஒப்பிடலை. அது பொய்" என்று மறுத்துவிட்டார். சந்தேகமுள்ள இடங்களைப் பட்டியலாக எழுதி அனுப்புவார். பக்கம், பத்தி, காதில் விழுந்த சொல், அவர் ஊகம். நான் படத்தைப் பார்ப்பேன், திருத்துவேன், சேமிப்பேன். திருத்தம் என் கணக்கில் ஏறும். என்னைப் போல இன்னும் சிலருக்கும் அனுப்பினார். ஆக, மூன்று நான்கு பேருடைய எண்ணிக்கை ஏறியது, அவருடையது அப்படியே கிடந்தது. திருத்தக் குறிப்பில் அவர் பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கு, அந்த இடத்தில் என்ன திருத்தினீர்கள் என்று எழுதுங்கள், பின்னால் வருகிறவருக்கு அதுதான் உபயோகம் என்றார். அவர் இறந்த பிறகு, அஞ்சலி எழுத நினைத்த ஒருவர் அவருடைய பங்களிப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்பச் செஞ்சிருக்கார்னு சொன்னீங்க, இவ்வளவுதானே இருக்கு" என்று எனக்குச் செய்தி அனுப்பினார். பட்டியல்கள் என் மின்னஞ்சலில் இருக்கின்றன. அந்த எண்ணிக்கையில் அவை எதுவும் ஏறாது. இப்படி எத்தனை தளங்களில் எத்தனை பேருடைய வேலை மற்றவர் கணக்கில் கிடக்கிறதோ.

கடைசிக் காலத்தில் சிறுநீரகம் படுத்தியது. டயாலிசிஸ் என்றால் ஒரு முறைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம், ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. கணினி முடியாது. போனில் ஒரு பக்கக் காதுக்கு மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு, மறு கையால் திரையைத் தடவித் தடவிக் கேட்பார். இன்னொரு காது நர்ஸ் கூப்பிட்டால் கேட்பதற்கு. தட்டச்சு செய்ய முடியாததால் பட்டியல் குரல் பதிவாக வரும். பின்னால் அந்த இயந்திரம் விட்டு விட்டுக் கூவுவது கேட்கும். ஒரு பதிவில் "பக்கம் நூத்திப் பன்னெண்டு, கடைசிப் பத்தி" என்று தொடங்கியவர், கூவல் பலமாகவே, "இரு தம்பி, இது எனக்குத்தான் கூவுது" என்று நிறுத்தினார். அடுத்த பதிவு கொஞ்ச நேரம் கழித்து, விட்ட பத்தியிலிருந்தே. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒரு வரியில் பதில். பட்டியலில் நான் இன்னும் திருத்தாமல் வைத்திருந்த இடங்களைப் பற்றிக் கேட்பதற்கு ஐந்து வரி.

துக்கம் விசாரிக்கப் போனபோது அண்ணி கேட்டார்: "ராத்திரியெல்லாம் ஹெட்போனை மாட்டிக்கிட்டு என்னதான் பண்ணுவாரு? கேட்டா ப்ரூஃப்னு சொல்லுவாரு." என் போனில் ஒரு நூலைத் திறந்து, சிவப்பாக இருந்த பக்கமும் பச்சையான பக்கமும் காட்டி விளக்கினேன். காணம் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எழுத்துப் பிழையா? நான் ஏதோ கதை எழுதுறாருன்னு நெனச்சேன்" என்றார். கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. பிறகு, "வீட்ல கணக்கு எழுதினாக்கூட அப்படித்தான் பிடுங்குவாரு" என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் விட்டுப்போன முறையை இப்போது பார்வையுள்ள சிலரும் பழகியிருக்கிறோம். கண்ணால் பார்த்து முடித்த பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை ஈஸ்பீக்கில் கேட்பது. இனிமையான குரலில் கேட்டுப் பார்த்தோம், அண்ணன் சொன்னது சரி, அது தப்பை விழுங்கிவிடுகிறது. அவருடைய வேகத்துக்குப் பக்கத்தில்கூட என்னால் போக முடியவில்லை. குறைந்த வேகத்திலேயே, சரி பார்த்தாயிற்று என்று நாங்கள் மூடிவைத்த பக்கங்களில் ரகரமாய்ப் போன கால்களும் ளகரமாய்ப் போன ஔகாரங்களும் வந்துகொண்டே இருக்கின்றன.

பின்னால் சொல்கிறேன் என்ற சண்டை பாக்கி இருக்கிறது. விக்கிமூலத்தின் வழக்கம், மூலநூலில் உள்ளது உள்ளபடி. அச்சுப் பிழையாகவே இருந்தாலும் நாம் திருத்தக் கூடாது, வேண்டுமானால் குறிப்புப் போடலாம். அண்ணனுக்கு இது ஆகவே ஆகாது. பழைய அச்சகத்தில் யாரோ ஓர் ஒற்றெழுத்தை விட்டுவிட்டான், "அதை கேட்டான்" என்று கோத்துவிட்டான், அந்தக் கவனக்குறைவை நாம் ஏன் காலத்துக்கும் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் வாதம். மிகும் இடத்தில் மிகாவிட்டால் அவர் காதில் அது குத்தும். நீங்கள் பக்கத்தைக் காப்பாற்றுகிறீர்கள், நான் நூலைக் காப்பாற்றச் சொல்கிறேன் என்பார். நான் வழக்கத்தின் பக்கம். இன்று ஒற்றைச் சேர்ப்போம், நாளை ஒருவர் ஆசிரியரின் நடையையே திருத்த வருவார். இந்த வழக்கு எங்கள் உரையாடல் பக்கத்தில் முடியாமல் கிடந்தது. போன மாதம் புதிதாக வந்த ஒருவர் அதைத் தூசி தட்டி எடுத்து, பழைய தரப்புகளைப் படித்துவிட்டு, உள்ளபடியே விடலாம் என்று முடித்துவைக்கப் பார்த்தார். எதிர்த்து எழுத ஆளில்லை. எனக்கு இன்னும் அண்ணன் வாதத்தில் உடன்பாடில்லைதான். ஆனாலும் அண்ணனின் பழைய மின்னஞ்சல்களைத் தோண்டி, அவர் கட்சியை என்னால் முடிந்த அளவு வலுவாக எழுதிப் போட்டிருக்கிறேன். பதிலுக்கு இரண்டு பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அதில் ஒருவர் என்னுடைய பழைய வாதத்தையே எடுத்து எனக்கு எதிராக வைத்திருக்கிறார்.